கழுவிய வேர்

கடையிலிருந்து வரும் செடியை முதலில் குளிப்பாட்ட வேண்டும் என்பது சதாசிவத்தின் சட்டம். தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறுவார். வேரைக் குழாயடியில் பிடித்து, ஒவ்வொரு இழையாக விரலால் நீவி, தண்ணீர் தெளிந்து ஓடும்வரை விடமாட்டார். பிறகு புது மண், தனி இடம். ஒரு மாதம் அப்படி ஒதுங்கியிருந்த பிறகுதான் அந்தச் செடிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் யோகம்.

“கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளு தலை தேச்சு உட்டதில்ல. செடிக்குப் பண்ற சீரப் பாரு” என்று கோகிலவாணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். கணவர் காதில் விழாத மாதிரி நீவிக்கொண்டிருப்பார்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. அவர் முதன்முதலில் வளர்த்த டரான்டுலா, உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த சிலந்தி, நர்சரியிலிருந்து வாங்கி நேராகப் பெட்டிக்குள் வைத்த ஒரு பெரணிச் செடியால் செத்தது. பூச்சி அண்டாமல் இருக்க நர்சரி மண்ணில் மருந்து கலந்திருந்தார்கள். மருந்துக்கு ஆள் பார்த்துக் கொல்லத் தெரியாது. எட்டுக் காலும் நடுங்கி நடுங்கி உள்பக்கமாகச் சுருண்டு அது சாகும்வரை சதாசிவம் பெட்டியைவிட்டு எழவில்லை, சோறும் உண்ணவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் குளியல்.

அவர் பாலிடெக்னிக்கில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கோவையில் டரான்டுலா வளர்ப்பவர்களையெல்லாம் தேடிப்பிடித்து ஒரு சங்கம் ஆரம்பித்தவரும் அவரே. நாய் வளர்ப்பவனுக்கு ஊரில் மரியாதை உண்டு, புறா வளர்ப்பவனுக்குக்கூட உண்டு. சிலந்தி வளர்ப்பவன் வீட்டில் மட்டும் சொந்தக்காரர்கள் காப்பியை வாசலிலேயே குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடினால் கட்டுப்பாடு பலமாக இருக்கும். சதாசிவம் சொன்ன குளியலைச் சங்கத்தில் அத்தனை பேரும் வேதம்போலப் பின்பற்றினார்கள்.

வடவள்ளிக்கு ஓட்டுநர் இல்லாத பஸ் வர ஆரம்பித்த வருடம், அவர்கள் வீட்டுக்குத் தஸ்லீமா வந்தாள். தாவர ஆராய்ச்சி செய்பவள், முப்பதைத் தாண்டாத பெண், சங்கத்தில் உறுப்பினர். கையில் மணிபிளான்ட் மாதிரி ஒரு கொடி. அதை அவள் கம்பெனி ‘சொல்லிலை’ என்று அழைத்தது.

“நாய்க்கு வாலிருக்குங்கண்ணா. பூனைக்குக் காதிருக்கு. இதுக்கு என்ன இருக்கு?” என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே ரங்கநாயகி கல்லுப்பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தது. அப்படியொரு பேரைச் சிலந்திக்கு வைத்ததற்காகக் கோகிலவாணி அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தது தனிக் கதை. “பயந்தாலும் அசையாது, நிம்மதியா இருந்தாலும் அசையாது. நாம எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“அதான் நானும் இத்தன வருசமா முழிச்சுட்டு உக்காந்திருக்கறேன்” என்றார் சதாசிவம்.

“பயந்தா, வலிச்சா, எந்த உயிரும் காத்துல ஒரு வாசத்த விடும். நம்ம மூக்குக்கு எட்டாது. இந்தச் செடிக்கு எட்டும். எட்டுச்சுன்னா இலை நரம்பு செவக்கும். மனசு அடங்கிருச்சுன்னா மறுநாளே பச்சையாயிரும். பெட்டிக்குள்ள இருக்கறது ஒரே உயிரு, அதனால கொழப்பமே இல்ல.”

சதாசிவத்தின் கண் கலங்கிவிட்டது. பாலிடெக்னிக் பையன்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். “வாயில்லாத சீவனுக்கு வாய் குடுத்திருக்கற அம்மிணி” என்றார்.

கோகிலவாணி மட்டும் கேட்டாள். “மனுசனுக்கும் வேல செய்யுமா?”

“செய்யும்க்கா. கம்பெனி அதுக்குத்தான் பணம் போடுது. பேச முடியாம படுத்திருக்கறவங்க எத்தன பேரு. மொதல்ல இதுல நிரூபிக்கணும்.”

சங்கத்தின் எல்லாப் பெட்டிகளிலும் சொல்லிலை வைத்தார்கள். எல்லா இலையும் பச்சையாகவே இருந்தது. ‘பாவம், கண்ணாடிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கீங்களே’ என்று கேட்ட ஊராருக்கு இப்போது காட்ட ஒரு சாட்சி கிடைத்தது. சதாசிவம் வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய் இலையைக் காட்டினார். கம்பெனியும் அதையே சாட்சியாக வைத்து, படுக்கையருகே வைக்கும் பெரிய தொட்டிகளைச் செய்து விற்க ஆரம்பித்தது.

அந்தத் தொட்டி ஒன்று தன் வீட்டுக்கே வரும் என்று சதாசிவம் நினைத்திருக்கமாட்டார். ஒரு காலை, செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை. கண் திறந்து மூடும், அது எதையும் பார்த்துத் திறப்பதில்லை. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி. உள்ளே அவர் இருக்கிறாரா, இருந்தால் வலிக்கிறதா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார்.

அந்தக் கேள்விக்குக் கோகிலவாணி வீட்டில் ஒரு பதில் இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் தொட்டி, தொட்டியில் கொடி, கொடியில் கையகல இலைகள், அத்தனையும் பச்சை. காலையில் எழுந்ததும் அவள் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இலையைத்தான் பார்ப்பாள். பிறகு அவருக்கு உடம்பு துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, அன்றைய செய்தியெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். பகல் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி, இரவில் கட்டிலுக்குக் கீழே பாய். அக்கம்பக்கத்துப் பெண்கள் மலைத்துப்போனார்கள். அவளுக்கு அதில் மலைக்க ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவ்வப்போது அவருக்கு நெஞ்சில் சளி கட்டும், காய்ச்சல் அனலாகக் கொதிக்கும். அப்போதெல்லாம் அவள் ஆம்புலன்சைக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய்விட்டு உறிஞ்சுவார்கள், கைகளில் ஊசி குத்த இடம் தேடுவார்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெலிந்து வீடு திரும்புவார்.

மகன் முகுந்தன் வெளிநாட்டில் பெர்த் நகரத்திலிருந்து திரையில் வந்து பேசினான். நல்ல பிள்ளைதான், வாரம் தவறமாட்டான்.

“அம்மா, நல்லா இருக்கறப்பவே அப்பா சொன்னாரு, ஞாவகம் இருக்கா? பெரியப்பா கெடந்த மாதிரி என்னையப் போட்டு வதைக்காதீங்கன்னாரு.”

“வதைக்கறது யாருடா? இலையப் பாரு. நல்லாத்தான இருக்குது.”

“அடுத்த தடவ காச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவ வேண்டாம்மா. வீட்டுலயே நிம்மதியா…”

“வலிக்குதுன்னா நானே உட்டுருவேன் சாமி. அவருக்கு வலியில்லைன்னு செடி சொல்லுது. வலியில்லாத மனுசன எப்பிடிரா உடறது?”

முகுந்தன் அப்பாவை ஒருமுறை திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு விடைபெற்றான்.

ரங்கநாயகியையும் இப்போது அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு காலத்தில் கிட்டப் போகவே அருவருத்தவள், இப்போது இடுக்கியால் கரப்பான்பூச்சி எடுத்து ஊட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அவர் ஆசையாக வளர்த்த சீவன், அதைச் சாக விடலாமா? பெட்டிக்குள்ளிருந்த சின்னச் சொல்லிலைக்கும் தினம் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். செடி குப்பென்று தழைத்துக் கண்ணாடியை மூடியது. பார்க்கிறவர்கள் குட்டிக் காடு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

தை பிறந்த சமயம் தஸ்லீமா வந்தாள். சதாசிவத்தின் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்று, பழங்களைக் கொடுத்துவிட்டு, ஹாலுக்கு வந்து பெட்டிமுன் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, இது எத்தன நாளா இப்படிக் கண்ணாடில தொங்குது?”

சிலந்தி பெட்டியின் மேல்மூலையில், எட்டுக் காலாலும் கண்ணாடியைக் கவ்வியபடி ஒட்டிக்கொண்டிருந்தது. வயிறு வற்றியிருந்தது.

“தீவாளிக்கு முன்னாடி இருந்தே அப்பிடித்தான் அம்மிணி. கீழ எறங்கறதே இல்ல. மேல காத்து நல்லா வருதாட்டமிருக்குது.”

“இல்லீங்க்கா. இது காஞ்ச காட்டுல வாழற சாதி. மண்ணுல கால் வெக்க முடியாமத்தான் மேல தொங்குது. செடிக்கு ஊத்தற தண்ணியெல்லாம் மண்ணுல நிக்குது பாருங்க, சேறா இருக்கு.” அவள் குரல் தணிந்தது. “ரொம்ப நாளா பயத்துலயே இருக்குதுக்கா.”

“பயமா? இலை பச்சையாத்தான இருக்குது?”

தஸ்லீமா இலையைப் பார்த்தாள். சிலந்தியைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, கொடியின் அடியில் விரல்விட்டு மண்ணைக் கிளறினாள். வேர் ஒன்றை மெல்ல வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சுத்தமாக, வழவழவென்று, வெள்ளையாக இருந்தது அது.

“நூலே இல்லையே” என்றாள். “அக்கா, இத யாரு கழுவுனது?”

“உங்க அண்ணன்தான். வேற யாரு? செடி வந்தா கழுவித்தான வெப்போம். சங்கத்துல எல்லாருந்தான்.”

தஸ்லீமா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் சங்கத்தில் இருந்தவள்தான். ஆனால் அவள் வீட்டில் செடி நர்சரியிலிருந்து வந்ததில்லை, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவளுக்குக் கழுவ வேண்டிய தேவையே இருந்ததில்லை; நர்சரி மருந்துக்கான குளியலை ஆய்வுக்கூடத்துச் செடிக்கும் கொடுப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

“செடிக்கு மூக்கு கெடையாதுக்கா” என்றாள் மெதுவாக. “வேர்ல நூல் நூலா ஒரு பூஞ்சை குடியிருக்கும். அந்தப் பூஞ்சைதான் மூக்கு. அது வாசத்தப் பிடிச்சு வேருக்குச் சொல்லும், வேரு இலைக்குச் சொல்லும். பூஞ்சை போயிருச்சுன்னா இது வெறும் மணிபிளான்ட். வீடே பத்தி எரிஞ்சாலும் பச்சையாத்தான் நிக்கும்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?”

“சொல்ல விடல. நோயாளி ரூம்ல பூஞ்சைன்னு சொன்னா எந்த ஆஸ்பத்திரியும் வாங்காதுன்னு கம்பெனில அந்த வார்த்தையவே எடுத்துட்டாங்க. நானும் சரின்னுட்டேன். தண்ணி ஊத்துனா போதும்னு மட்டும் சொல்லச் சொன்னாங்க. ஆய்வுக்கூடத்துச் செடியவும் வேரத் தேச்சுக் கழுவற ஆளுங்க இருப்பாங்கன்னு யாருக்குக்கா தோணும்?”

யாருக்கும் தோன்றாதுதான். உலகத்தில் எத்தனையோ பேர் செடி வாங்குகிறார்கள். அதன் வேரைக் குழந்தையின் விரலைப்போல நீவிக் கழுவுவது ஒரு சிலந்தியைப் பறிகொடுத்தவனுக்கு மட்டும் வரும் பழக்கம். அன்பு மிகுந்துபோய் மூக்கை அறுத்துவிட்டிருந்தது.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பினார்கள்.

“அக்கா, அந்தத் தொட்டி?”

கோகிலவாணி முந்தானையைக் கையில் சுற்றி அவிழ்த்தாள். “மருந்து கிருந்து இருந்தா அவருக்கு ஆவாதுன்னு… வந்தன்னிக்கே நல்லா கழுவித்தான் அம்மிணி வெச்சேன். அவரு கழுவற மாதிரியே.”

சிலந்தி கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சதாசிவம் மூச்சுவிடும் கரகரப்பு கேட்டது.

ஒரு வாரம் கழித்துத் தஸ்லீமா புதுத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். யாரும் கழுவாதது. மண்ணின்மேல் பஞ்சு பறந்து ஒட்டியதுபோல வெள்ளை நூல்கள் தெரிந்தன. வாசலிலேயே நின்று கேட்டாள்.

“உள்ள வெக்கட்டுமாக்கா? வேண்டாம்னா நான் திருப்பி எடுத்துட்டுப் போறேன். தெரிஞ்சுதான் ஆவணும்னு ஒண்ணுமில்ல.”

“தெரியாம இத்தன நாளு அவரப் போட்டு வெச்சிருக்கறனே, அது பத்தாதா?” என்றாள் கோகிலவாணி. “வெய்யி.”

பழைய தொட்டி வெளியே போனது, புதியது தலைமாட்டுக்கு வந்தது. கோகிலவாணி வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், இரவில் வழக்கம்போலக் கீழே படுத்தாள். விடிந்து பார்த்தபோது இலை நரம்புகளில் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவப்பு ஓடியிருந்தது. மதியத்துக்குள் ஒரு இலை பாக்கியில்லை.

அவள் அழுத அழுகையை எழுதிக் காட்ட முடியாது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “தெரியலியே சாமி, எனக்குத் தெரியலியே” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். குழாய்விட்டு உறிஞ்சிய ஒவ்வொரு முறையும், ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் அவளுக்கு நினைவு வந்தது. அவர் கண் திறந்து மூடியது. இலை சிவந்தே இருந்தது.

தஸ்லீமா கம்பெனியின் பேச்சை மீறி விஷயத்தை வெளியே சொன்னாள். வேலை போனது. சங்கத்தினர் கழுவாத செடிகளை வாங்கிப் பெட்டிகளில் வைத்தார்கள். அநேகமாக எல்லாப் பெட்டியும் சிவந்தது. சிலர் வெட்கப்பட்டுச் சங்கத்தைவிட்டே போனார்கள். சிலர் மண்ணை ஆழமாக்கி, ஒளிந்துகொள்ள மரப்பட்டை வைத்து, தண்ணீரைக் குறைத்து, இலை பச்சையாகும்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். சிலந்திகளுக்கு அதனால் நன்மைதான்.

மனிதர்கள் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் சுத்தம் பேணுகிறோம் என்று மண்ணை மாற்றியிருந்தார்கள். முதியோர் இல்லங்களில் பச்சை இலையைக் காட்டி, ஆட்களைக் குறைத்திருந்தார்கள். பாதி வீடுகளில் புதுச் செடி வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். திருப்பூரிலிருந்து ஒருவர் தஸ்லீமா வீட்டு வாசலுக்கே வந்து கத்தினார். “எங்கம்மா அஞ்சு வருசம் நிம்மதியா இருந்து போய்ச் சேந்தாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். இப்ப என்னைய என்ன பண்ணச் சொல்ற?” அவள் தலைகுனிந்து நின்றாள். பொய்யான பச்சையைவிட உண்மையான சிவப்பு மேல் என்று மேடையில் பேசலாம். வாசலில் வந்து அழுகிறவனிடம் பேச முடியாது.

பங்குனி வெயில் ஏறியபோது சதாசிவத்துக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. நெஞ்சு கரகரத்தது. வழக்கமாக வரும் டாக்டர் பார்த்துவிட்டு, “ஆம்புலன்ஸ் சொல்லட்டுமாம்மா?” என்றார்.

கோகிலவாணி இலையைப் பார்த்தாள். பிறகு திரையில் முகுந்தனைப் பார்த்தாள். அவன் அம்மாவே சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

“வேண்டாமுங்க” என்றாள். “வலி தெரியாம இருக்க மட்டும் மருந்து குடுங்க. போதும். அவரு பட்டது போதுமுங்க.”

முகுந்தன் அடுத்த விமானத்தில் கிளம்பினான். அவன் வந்து சேர்ந்த மறுநாள் மாலை, வெயில் சாய்ந்து ஜன்னல்வழி காற்று வந்த வேளையில், சதாசிவம் போனார். மனைவி கை ஒரு கையைப் பிடித்திருந்தது, மகன் கை மறு கையை. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். தஸ்லீமா வந்து கோகிலவாணியின் தோளில் சாய்ந்து அழுதாள். “இப்ப வலியில்லக்கா. இனி வலியில்ல.” அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கோகிலவாணி எரியூட்டலையும் காரியத்தையும் தாண்டினாள்.

மகன் ஊர் திரும்பினான். சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். கட்டிலை மடித்துப் பரண்மேல் போட்டாகிவிட்டது, அறையைக் கழுவிவிட்டாகிவிட்டது. தொட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கோகிலவாணி பழக்கதோஷத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள், அதே இடத்தில் பாய் விரித்தாள்.

காரியம் முடிந்த பரபரப்பில் அவள் இலையைக் கவனிக்கவில்லை. ஒரு காலை எழுந்ததும், பழைய வழக்கப்படி, சாமி படத்துக்கு முன்னால் அதைப் பார்த்தாள்.

சிவப்பு.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. செடி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். மனசு அடங்கினால் மறுநாளே பச்சையாகும் என்றல்லவா தஸ்லீமா சொன்னாள்? மனுசன் போய் இத்தனை நாளாகிவிட்டது. இன்னும் யார் வலி இது?

கேட்ட பிறகு, பதிலை அவளே கண்டுகொண்டாள். அந்த அறையில் இருக்கிற உயிர் ஒன்றே ஒன்று.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தொட்டியைத் தூக்கினாள். ஹாலில் ரங்கநாயகியின் பெட்டி இருந்தது. மண் காய்ந்த பிறகு சிலந்தி கீழே இறங்கி, மரப்பட்டைக்கடியில் தனக்கொரு குழி பறித்துக்கொண்டிருந்தது. வயிறும் பழையபடி திரண்டிருந்தது. பெரிய பெட்டிதான். தழைத்துக்கிடந்த பழைய கொடியை எடுத்துவிட்டு, தொட்டியை உள்ளே இறக்கி மூடியை மூடினாள்.

மறுநாள் காலையில் இலையெல்லாம் பச்சை. சிவப்பின் சுவடுகூட இல்லை. தொட்டியோரம் சிலந்தி கால் நீட்டி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

அதை வெளியே எடுத்து மறுபடி தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். விடியும்போது சிவந்திருந்தது.

ஆக, செடி கெடவில்லை. அதற்குப் பொய் தெரியாது. பெட்டிக்குள் ஒரே உயிர், அதனால் குழப்பமில்லை என்று அந்தப் பெண் அன்றைக்கே சொன்னாள். படுத்திருப்பவர் தனியாகப் படுத்திருப்பார், நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவாள் என்று நினைத்துச் செய்த செடி. புருஷன் விழுந்து கிடக்கும்போது அவர் மூச்சுக்குப் பக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டு, எழுந்து வெளியே போகாமல் கிடக்கிற பெண்டாட்டியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவளும் சேர்க்கவில்லை.

அப்படியானால் அன்று சிவந்தது யாரால்? அவருக்கும் வலி இருந்திருக்கலாம். இருவருடையதும் சேர்ந்தே சிவந்திருக்கலாம். அல்லது அவர் உள்ளே எந்த நோவும் இல்லாமல், அவள் தினமும் சொல்லும் செய்திகளைக் கேட்டுக்கொண்டு அமைதியாகப் படுத்திருக்க, அவளுடைய வேதனையைப் பார்த்து அவரை அனுப்பிவைத்துவிட்டாளா? ஒரே ஒரு நாள் அவள் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்திருந்தால் தெரிந்திருக்கும். இனிமேல் அதைச் சொல்ல எந்தச் செடியும் இல்லை.

நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன் அடித்தது. தஸ்லீமா. வேலை போனதிலிருந்து அவள் குரல் கரைந்துபோயிருந்தது. திருப்பூர்க்காரர் வந்து கத்தியதிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை என்று முகுந்தன் சொல்லியிருந்தான்.

“சாப்டீங்களாக்கா?”

“சாப்பிட்டன் கண்ணு. நீயி?”

“ம்.” கொஞ்சம் தயங்கினாள். “அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சுக்காதீங்க. ஊருல எல்லாரும் என்னையத் திட்டறாங்க. அண்ணன் விசயத்துலயாவது நாம சரியாத்தான் பண்ணோமான்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. அந்தச் செடி… அண்ணன் போனதுக்கப்புறம் இலை எப்படிக்கா இருக்கு?”

கோகிலவாணி பாயின் தலைமாட்டைப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் இலைகள் செக்கச்செவேலென்று இருந்தன.

“பச்சையாயிருச்சு அம்மிணி” என்றாள். “அன்னிக்கு மறுநாளே பச்சையாயிருச்சு.”

அந்தப் பக்கம் தேம்பும் சத்தம் கேட்டது. “அப்ப அண்ணனுக்குத்தான் வலிச்சிருக்குக்கா. நாம பண்ணது சரிதான்.”

“சரிதான் சாமி. நீ ஒண்ணும் நெனைக்காத. நல்லாத் தூங்கு.”

“நாளைக்கு வர்றேன்க்கா. உங்களப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

“வா. சோறாக்கி வெக்கறேன்.”

போனை வைத்துவிட்டு அவள் எழுந்தாள். சிவந்த இலைகளை ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளி எடுத்தாள். நுனியில் சிவப்பேறாமல் பச்சையாகச் சுருண்டிருந்த தளிர்களை மட்டும் விட்டாள். பிறகு தொட்டியைப் புழக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்து, மண்ணை உதறினாள். வேரைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீரைத் திறந்தாள். வெள்ளை நூல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று சாக்கடைப் பக்கம் போயின. அவர் நீவுகிற மாதிரியே, ஒரு இழை விடாமல் விரலால் நீவி, தண்ணீர் தெளிந்து ஓடும்வரை கழுவினாள்.